4294967297: ஃபெர்மாவின் கணிப்பைப் பொய்யாக்கிய எண்

4294967297 என்பது 2³² + 1 என்னும் முழு எண்ணாகும். 2இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை இட்டு 1ஐக் கூட்டினால் 5, 17, 257, 65537 முதலான எண்கள் வரும் (முதல் இரண்டு 3, 5). இவை ஐந்துமே பகா எண்கள். இவ்வரிசை எவ்வளவு நீண்டாலும் பகா எண்களே வரும் என்று 1640இல் பிரெஞ்சுக் கணிதவியலர் ஃபெர்மா கடிதங்களில் எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

1729இல் கோல்ட்பாக் கடிதம் எழுதிக் கேட்ட பிறகே ஆய்லரின் கவனம் இதன்மேல் திரும்பியது. வரிசையின் அடுத்த எண்ணே பகு எண் என்று 1732இல் அவர் காட்டினார்:

4294967297 = 641 × 6700417

இவ்வெண்ணின் எந்தக் காரணியை 64ஆல் வகுத்தாலும் மீதி 1 வரும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனச் செல்கின்றன. ஐந்தாவது வகுத்தலிலேயே மீதியின்றி முடிந்துவிடுகிறது! எட்டாம் வகுப்பு மாணவர் கால் மணி நேரத்தில் செய்யக்கூடிய கணக்குதான். இதைவிடப் பெரிய 2³⁷ − 1 என்ற எண்ணை 223 வகுக்கும் என்று அதே 1640இல் கண்டறிந்தவர் ஃபெர்மா. அவர் இதை எப்படித் தவறவிட்டார் என்பது வியப்பே.

65537க்குப் பின் இவ்வரிசையில் வேறொரு பகா எண் இதுவரை அகப்படவில்லை.