குளித்தலைக் காவிச் சாமியார்கள்

மதுரையில் காவி கட்டிய இயேசு சபைப் பாதிரியார் தே நொபிலியைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் காவி உடுத்தியது அடுத்தவரைத் தம் பக்கம் அழைக்க. இந்த வார நாயகர் தாமே அக்கரைக்குப் போய்விட்டவர்.

ஆன்றி லெ சோ 1910இல் பிரான்சின் பிரிட்டனியில் பிறந்தவர். பெனடிக்ட் சபைத் துறவி. 1948இல் இந்தியா வந்தவரை, திருச்சி மறைமாவட்டத்தில் ஏற்கெனவே ஊழியம் செய்துவந்த ஜூல் மோன்ஷனேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் மறு ஜனவரியில் திருவண்ணாமலைக்கு அழைத்துப்போனார். ரமணரைக் கண்டதும் லெ சோவுக்கு ஏமாற்றம்தான். அன்பான ஒரு தாத்தா உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவே! கூடத்தில் எழுந்த வேத பாராயணம்தான் முதலில் அவரைப் பிடித்து இழுத்தது. கூடவே காய்ச்சலும் வந்தது. படுத்துக் கிடந்தபோது, அறிவால் தள்ளி வைத்ததெல்லாம் உள்ளே புகுந்துகொண்டது. ரமணர் மறைந்த பிறகும் மலை விடவில்லை. 1952 முதல் அருணாசலக் குகைகளில் மௌனமாக இருக்கத் தொடங்கினார்.

இடையில், 1950 மார்ச் 21 அன்று குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரை மாந்தோப்பில் இருவரும் சச்சிதானந்த ஆசிரமம் கண்டார்கள். ஊரார் வாயில் அது சாந்திவனம். மோன்ஷனேன் பரம அரூபி ஆனந்தம் ஆனார். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். காவி உடை, சைவச் சாப்பாடு, குடிசை வாசம். ஆனால் சேர்ந்து வாழச் சீடர்கள்தான் வரவில்லை.

இருவருக்கும் உரசலும் இருந்தது. அத்வைதமும் மூவொரு கடவுள் கோட்பாடும் எளிதில் ஒட்டா என்று மோன்ஷனேன் கருதினார். அபிஷிக்தானந்தரோ திருக்கோவிலூர் தபோவனத்து ஞானானந்தகிரி சுவாமிகளைக் குருவாகவே ஏற்றார். இரு மதங்களுக்கும் பாலம் போட்டவர் என்று இன்று அவரைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர் நாட்குறிப்பைப் படித்தால் அந்தச் சொல் கூசும்: கிறிஸ்துவையும் விட முடியவில்லை, அத்வைத அனுபவத்தையும் மறுக்க முடியவில்லை என்ற தவிப்பு அதில் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. கடைசிவரை திருப்பலியை அவர் கைவிடவில்லை. 1964இல் இறையியலாளர் ரைமோன் பணிக்கருடன் கங்கோத்ரிக்கு யாத்திரை போனபோது அங்கேயும் நிறைவேற்றினார்.

மோன்ஷனேன் 1957இல் பாரிஸில் காலமானார். 1968இல் சாந்திவனத்தை ஒப்படைத்துவிட்டு அபிஷிக்தானந்தர் உத்தரகாசிக் குடிலுக்கே போய்விட்டார். 1973 ஜூலையில் ரிஷிகேசத்தில் மாரடைப்பு. டிசம்பர் 7இல் இந்தூரில் மரணம். வந்த நாள் முதல் ஒருமுறைகூட அவர் பிரான்சுக்குத் திரும்பவில்லை.

சாந்திவனத்தை அவரிடமிருந்து ஏற்றவர் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் கதை அடுத்த வாரம்.