சென்னை மனைகளின் நிலத்தடி நீர்மட்டம்: மண் ஆய்வறிக்கை சொல்வதும் சொல்லாததும்

சென்னையின் அடிநிலம் ஒரே சீரானதன்று. கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்தில் சார்னோகைட்டுப் பாறை பல இடங்களில் ஆழம் போகாமலே தட்டுப்படும். பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கரையில் மணல். அடையாறு, கூவம் கரைகளில் வண்டல் மணலும் இளகிய களிமண்ணும் அடுக்கடுக்காக மாறி வரும். அண்ணா நகர், முகப்பேர்ப் பக்கம் நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் களி. தியாகராய நகரோ 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்தது. மண் இடத்துக்கு இடம் மாறும் என்பதை அறிந்தே மனையின் மூலைகளிலும் நடுவிலும் ஆய்வுத்துளை (போர்) போடுகிறார்கள். நீர் காலத்துக்குக் காலம் மாறும் என்பதற்கு ஆய்வறிக்கையில் அந்த மதிப்பு இல்லை. ஒரு பத்தியில் ஓர் எண்ணோடு முடிந்துவிடுகிறது. போர் போட்ட நாளின் அந்த எண்ணையே வடிவமைப்பு நீர்மட்டமாகக் கொள்வது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த எண் அன்றைய நிலையையாவது சரியாகக் காட்டுகிறதா என்பதும் ஐயத்துக்குரியது. துளை சரியாமலிருக்க பென்டோனைட்டுக் குழம்பு விட்டுத் துளைக்கும்போது உள்ளே தெரிவது குழம்பின் மட்டம். நிலத்தடி நீரின் மட்டமன்று. மணலில் ஒரு நாள் விட்டு அளந்தால் நீர் தன் நிலைக்கு வந்திருக்கும். களிமண்ணில் நீர் கசிந்து வரவே பல நாள் பிடிக்கும். அங்கே துளையிட்ட குழாயை நிறுத்தி, சுற்றிலும் சரளை இட்டு, மேலே அடைத்துத் தொடர்ந்து அளக்காமல் உண்மை தெரியாது. களியடுக்கின் மேல் தங்கி நிற்கும் நீரும், அதற்குக் கீழே மணலில் அழுத்தத்தோடு இருக்கும் நீரும் வெவ்வேறு மட்டம் காட்டுவதுண்டு. இரண்டையும் ஒரே துளையில் கலக்கவிட்டு அளந்தால் கிடைக்கும் எண் எதற்கும் உரியதாகாது.

நீரைக் கவனிக்காவிட்டால் மண்ணின் வலுவைப் பற்றிய கணக்கும் பிசகும். தரநிலை ஊடுருவல் சோதனையில் 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்கிறார்கள். முதல் 15 சென்டிமீட்டருக்கான அடிகளை விட்டுவிட்டு, அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி பிடித்தது என்று எண்ணுவதே ‘என்’ மதிப்பு. துளைக்குள் நீர் வெளிமட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அடியிலிருந்து மணல் பொங்கித் தளர்ந்துவிடும். கெட்டியான மணலும் தளர்மணலாகப் பதிவாகும். நீரில் மூழ்கிய நுண்மணலில் இதற்கு நேர்மாறாக எண் கூடிக் காட்டலாம். அதனால்தான் 15-க்கு மேற்பட்ட பகுதியைப் பாதியாக்கும் திருத்தம் வழக்கத்தில் இருக்கிறது.

பருவகால ஏற்ற இறக்கம்தான் பெரிய சிக்கல். நகரின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டிவிடுகிறது. கட்டுமானத்தாரோ கோடையில் போர் போடுவதையே விரும்புவார்கள். இடம் காய்ந்திருக்கும், வண்டி உள்ளே வரும். 2019 ஜூனில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. அந்த மாதத்தில் போட்ட துளையில் ‘நீர் காணப்படவில்லை’ என்று எழுதினால் அது பொய்யாகாது. ஆனால் 2015 டிசம்பர் போன்றதொரு மழைக்குப் பிறகு அதே மனையின் நீர்மட்டம் தரையை ஒட்டி நிற்கலாம். மணலில் அமைந்த ஆழம் குறைந்த அடித்தளத்தின் அடிவரை நீர் ஏறினால் மண்ணின் பயனுறு எடை ஏறத்தாழப் பாதியாகும். அந்த எடையைச் சார்ந்த தாங்குதிறன் பகுதியும் அவ்வாறே குறையும்.

நிலத்தடி வாகன நிறுத்தங்களில் விளைவு இன்னும் கடுமை. தரைக்கு 7 மீட்டர் கீழே ராஃப்டின் (முழுப்பரப்புக்கும் விரியும் அடித்தளப் பலகையின்) அடி இருக்க, நீர் 1 மீட்டர் ஆழத்துக்கு ஏறுகிறது என்று கொள்வோம். 6 மீட்டர் நீரின் மேல்நோக்கிய அழுத்தம் சதுர மீட்டருக்கு 6 டன். 60 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் ராஃப்டின் எடை 1.5 டன்தான். ஒரு தளத்துக்கு 1 டன் என்று வைத்தாலும், மிச்சத்தை ஈடுகட்ட மேலே நான்கைந்து தளங்கள் எழுந்தாக வேண்டும். அடுக்குமாடிக் கோபுரத்தின் கீழ்ப்பகுதி தப்பிக்கும். அதைச் சுற்றி நீளும் வெறும் நிறுத்தப் பகுதிக்கு அந்தப் பாரம் ஒருபோதும் வராது. அங்கே இழுவிசை பைல்களோ பாறை ஆங்கர்களோ தேவை. கட்டும் காலத்தில் மின்சாரம் போய் நீர் இறைக்கும் மோட்டார் நின்றால், பாதி முடிந்த அடித்தளம் மிதந்து எழுவதும் நடக்கக்கூடியதே. பள்ளத்தின் பக்கச் சுவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும்: 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் ஆழமான கட்டுமானப் பள்ளம் சரிந்து உயிரிழப்பு நேர்ந்தது.

உச்ச மட்டத்துக்கு வடிவமைத்தால் செலவு ஏறும் என்ற ஆட்சேபணை நியாயமானதே. எல்லா மனைக்கும் ‘நீர் தரைமட்டத்தில்’ என்று எழுதிவிடுவது சோம்பேறித்தனம். ஒரு பருவமழை முழுதும் காத்திருந்து அளக்க உரிமையாளருக்கு அவகாசம் இருப்பதும் அரிது. ஆனால் மாற்றுச் சான்றுகள் எளிதில் கிடைப்பவை. அண்டை வீட்டுத் திறந்த கிணற்றின் உட்சுவரில் பழைய நீர்க்கோடு தெரியும். கண்காணிப்புக் கிணறுகளின் பல ஆண்டுப் பதிவுகளும் உள்ளன. பழைய நில அளவைப் படங்களிலும் வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டிலும் இடம் முன்பு ஏரியா, வாய்க்காலா என்று பார்க்கலாம். மாநிலம் முழுதும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானதால், அதற்கு முந்தைய அளவுகளை அப்படியே எடுத்தாள்வதும் பொருந்தாது.

கட்டும்போது பள்ளத்திலிருந்து நீரை இறைப்பதாலும் தீங்குண்டு. மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால் கீழுள்ள மண்ணின் மேல் பயனுறு அழுத்தம் சதுர மீட்டருக்கு 1 டன் கூடும். பாறையில் இதனால் ஒன்றும் ஆகாது. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய இளங்களியில் மாதக்கணக்கில் இறைத்தால் அடுத்த மனையின் பழைய வீடு அமிழ்ந்து விரிசல் விடும். ஆகவே இறைப்பு தொடங்கும் முன்பே வேலிக்கு வெளியே ஓர் அளவுக்குழாயும் அண்டைச் சுவர்களில் மட்டக்குறிகளும் வைத்து, இறங்கும் அளவு வரம்பை மீறினால் நீரைத் திரும்பச் செலுத்தும் கிணறுகளுக்கும் ஒப்பந்தத்திலேயே இடம் விட வேண்டும்.