மாலையைக் கழற்றிய அன்றே பாட்டில்: எலிகள் சொல்லும் 'ரிலாப்ஸ்' ரகசியம்!

கார்த்திகை மாதம் பாகூர் பக்கம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வருஷம் முழுக்க சாராயக்கடைப் பக்கமே திரிந்த ஆள், கறுப்பு வேட்டி கட்டி, மாலை போட்டு, பச்சைத்தண்ணியில் குளித்து, 'சாமி'யாக நடமாடிக்கொண்டிருப்பார். 41 நாள் ஒரு சொட்டு கிடையாது. கை நடுங்கவில்லை, ராத்திரி சண்டை இல்லை. வீட்டில் நிம்மதி. சபரிமலை போய்த் திரும்பி, மாலையைக் கழற்றிய அன்றைக்கு என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். "நாப்பது நாளுக்கும் சேத்து வெச்சுக் குடிக்கிறான்" என்று வீட்டம்மா புலம்புவார்.

அது வெறும் புலம்பல் இல்லை. ஆய்வகத்தில் எலியும் இதையேதான் செய்கிறது.

1960-களின் கடைசியிலேயே சின்க்ளேர் என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கவனித்தார். பல வாரம் மதுவும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எலிகளைக் குடிக்கப் பழக்குவது, பிறகு மதுவை மட்டும் எடுத்துவிடுவது, சில நாள் கழித்துத் திருப்பி வைப்பது. அவ்வளவுதான் சோதனை. எலிகள் பழைய அளவில் ஆரம்பிக்கவில்லை. முன்பைவிட அதிகமாகக் குடித்தன. 'மது இழப்பு விளைவு' என்று இதற்குப் பெயர். குடியை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்தியபடியே இருப்பது வேறொரு வேலை. மருத்துவர்கள் 'ரிலாப்ஸ்' என்று சொல்வது இந்த இரண்டாவது வேலையில் சறுக்குவதைத்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. அரசின் சாராய ஆலையே வில்லியனூர் அரியபாளையத்தில்தான் இருக்கிறது. பாகூர் கொம்யூனைத் தாண்டி முள்ளோடையில் கால் வைத்தால் கடலூர் எல்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கம் வந்து குடித்துவிட்டுப் போவது ஊரறிந்த கதை. கள்ளுக்கடை, சாராயக்கடை, பிராந்திக்கடை என மூன்றும் சட்டப்படியே உண்டு. குடியை விட்டவர் இவற்றைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும்.

சரி, எலிக்கும் மாத்திரைக்கும் வருவோம்.

லீவரை அமுக்கும் எலி

இந்தத் துறையின் முக்கியமான சோதனை முறை, மதுவில் அல்ல, கோகைனில் பிறந்தது. எலியின் கழுத்து ரத்தக்குழாயில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். கூண்டில் ஒரு லீவர். அமுக்கினால் குழாய் வழியாக ஒரு துளி கோகைன் உள்ளே போகும். கூடவே ஒரு விளக்கு எரியும், அல்லது ஒரு சத்தம் கேட்கும். சில நாட்களில் எலி கைதேர்ந்துவிடும். அமுக்கும், அமுக்கும், அமுக்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்த கட்டத்தில் கோகைனை நிறுத்திவிடுவார்கள். லீவர் இருக்கும், சரக்கு வராது. முதல் நாள் எலி வெறிபிடித்ததுபோல அமுக்கும். பிறகு குறைத்துக்கொண்டே வந்து விட்டுவிடும். நம்ம ஊர் மொழியில் சொன்னால், திருந்திவிட்டது.

மூன்றாவது கட்டம்தான் விஷயமே. 1981-ல் கனடாவைச் சேர்ந்த ஹாரியட் டி விட், ஜேன் ஸ்டீவர்ட் என்ற இருவரும் திருந்திய எலிக்கு அவர்களே ஒரு சின்ன டோஸ் கோகைனைக் கொடுத்துப் பார்த்தார்கள். லீவரில் இப்போதும் எதுவும் வராது. ஆனாலும் எலி ஓடிப்போய் பழைய லீவரை அமுக்க ஆரம்பித்தது. பின்னால் வந்தவர்கள் இன்னும் இரண்டு தூண்டுதல்களைக் கண்டார்கள். ஒன்று, பழைய விளக்கையும் சத்தத்தையும் திரும்பக் காட்டுவது. இன்னொன்று, காலில் லேசான ஷாக் கொடுத்து மன அழுத்தம் உண்டாக்குவது.

இந்த மூன்றையும் நம்ம ஊருக்கு மாற்றிப் பாருங்கள். "ஒரே ஒரு கட்டிங்தான் மச்சான்" என்று நண்பன் ஊற்றித் தருவது முதலாவது. கருமாதி வீட்டுப் பந்தலும், கூலி கைக்கு வரும் சனிக்கிழமையும், வில்லியனூர் தேர் அன்று கூடும் பழைய கூட்டாளிகளும் இரண்டாவது. கடன்காரன் வாசலில் நின்று கத்திவிட்டுப் போவது மூன்றாவது. எலியை வைத்து மனிதனைப் புரிந்துகொள்ள முடியுமா என்று கேட்பவர்கள்கூட இந்த இடத்தில் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. விட்டு நாளாக நாளாக ஆசை குறையும் என்றுதானே நினைக்கிறோம்? 2001-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில், கோகைனை நிறுத்திய எலிகளிடம் விளக்கும் சத்தமும் தூண்டும் ஏக்கம், முதல் நாளைவிட இரண்டு மாதம் கழித்து அதிகமாக இருந்தது. அடைகாப்பது போல, உள்ளுக்குள்ளேயே வளர்கிறது. "ரெண்டு மாசமா தொடலையே, இனிமே கவலையில்ல" என்று மாத்திரையை நிறுத்துவதும் கண்காணிப்பைத் தளர்த்துவதும் ஏன் தப்பாகப் போகிறது என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மருந்தை எப்படிச் சோதிப்பார்கள்?

மூன்றாவது கட்டத்துக்குச் சற்று முன்னால் எலிக்குச் சோதனை மருந்தைக் கொடுப்பார்கள். பிறகு தூண்டிவிட்டு, லீவரை எத்தனை தடவை அமுக்குகிறது என்று எண்ணுவார்கள். குறைந்தால் மருந்துக்கு நம்பிக்கை.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. தூக்க மருந்து கொடுத்தாலும் எலி லீவரை அமுக்காதே! அதனால் கூண்டில் எதுவுமே தராத இன்னொரு லீவரையும் வைத்திருப்பார்கள். சில எலிகளைச் சர்க்கரைத் துண்டுக்காக லீவர் அமுக்கவும் பழக்குவார்கள். மருந்து கொடுத்த பிறகு எலி சர்க்கரையையும் கண்டுகொள்ளாமல் சுருண்டு படுத்தால், அந்த மருந்து ஏக்கத்தைக் குறைக்கவில்லை, எலியையே முடக்கிவிட்டது என்று அர்த்தம். 'நாள் முழுக்கத் தூங்குறாரு, குடிக்கல' என்று சொல்லப்படும் எந்த மருந்தையும் நாமும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்க வேண்டும்.

ஜெயித்தவையும் தோற்றவையும்

ஜெயித்த கதையில் முதலில் வருவது நால்ட்ரெக்ஸோன். மது உள்ளே போனதும் மூளை தன் சொந்த 'எண்டார்ஃபின்'களைச் சுரக்கிறது. அந்தக் 'கிக்'குக்கு அதுவும் ஒரு காரணம். எண்டார்ஃபின் போய் உட்காரும் இடத்தை நால்ட்ரெக்ஸோன் அடைத்துவிடுகிறது. 1980-களில் குரங்குகளும் எலிகளும் இந்த மருந்தின் கீழ் குறைவாகக் குடித்தன. 1992-ல் மனிதர்களிடம் நடந்த இரண்டு ஆய்வுகளும் கைகொடுத்தன. 1994-ல் அமெரிக்காவில் மதுப்பழக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. அகாம்ப்ரோசேட்டும் இதே பாதைதான். குடியை நிறுத்திய பின் கொதிநிலையில் இருக்கும் மூளையை அமைதிப்படுத்துகிறது. நீங்கள் மேலே படித்த 'சேர்த்து வைத்துக் குடிக்கும்' எலிகளிடம் அந்தப் பாய்ச்சலைக் குறைத்துக் காட்டியது.

டைசல்ஃபிரம் கதை சினிமா மாதிரி. 1940-களில் டென்மார்க்கில் ஹால்ட், யாக்கோப்சன் என்ற இருவர் அதைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மது குடித்தபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டிக்கொண்டு வந்தது. புழு மருந்து, குடி மருந்தாகிவிட்டது. இங்கே எலிகளுக்கு முன்னால் மனிதர்களே மாட்டிக்கொண்டார்கள்!

பாக்லோஃபென் பற்றியும் சொல்ல வேண்டும். தசை இறுக்கத்துக்குத் தரும் பழைய மாத்திரை அது. பிரான்ஸைச் சேர்ந்த இதய மருத்துவர் ஒலிவியே அமெசன், தானே குடியில் மூழ்கியவர், எலிகளிடம் நடந்த ஆய்வுகளைப் படித்துவிட்டுத் தன் மேலேயே பாக்லோஃபெனைச் சோதித்து, ஆசை அடங்கியதாக 2005-ல் எழுதினார். பெரிய சர்ச்சை. 2018-ல் பிரான்ஸ் அரசு, அளவுக்குக் கட்டுப்பாடு வைத்து, மதுப்பழக்கத்துக்கு அதை அனுமதித்தது. யாரும் பின்பற்றக்கூடாத வழி அது. ஆனால் எலி ஆய்வு ஒரு நோயாளியின் கையில் போய்ச் சேர்ந்த அபூர்வ கதை.

தோற்றவை நிறைய. கோகைனுக்கு இன்றுவரை அமெரிக்க அரசு அனுமதித்த ஒரு மாத்திரைகூட இல்லை. எலிகளிடம் ஜெயித்த பாக்லோஃபென், கோகைன் பழகிய மனிதர்களிடம் பெரிய ஆய்வில் பலன் காட்டவில்லை. மன அழுத்த ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகள் எலிகளின் குடியைக் குறைத்தன. மனிதர்களிடம் ஏக்கத்தைக் குறைக்கவில்லை.

சளிக்கும் பாராசிட்டமால் நஞ்சுக்கும் தரும் என்-அசிட்டைல்சிஸ்டீன், 2003-ல் கோகைன் எலிகள் மறுபடி லீவருக்குப் போவதைத் தடுத்தது. 2013-ல் வந்த மனித ஆய்வில், கோகைன் எடுத்துக்கொண்டிருந்தவர்களை அது நிறுத்த வைக்கவில்லை. ஆனால் ஆய்வில் சேரும்போதே நிறுத்தியிருந்த சிலரைத் தனியாகப் பார்த்தபோது, அவர்கள் கூடுதல் நாள் தாக்குப்பிடித்தது தெரிந்தது. யோசித்தால் நியாயம்தான். எலிகளிடம் சோதித்தது 'விட்ட பிறகு', மனிதர்களிடம் சோதித்தது 'விடும் முன்பு'. கேள்வியே வேறு. அகாம்ப்ரோசேட்டையும் குடியை நிறுத்திய பிறகு ஆரம்பிப்பதே வழக்கம். மருத்துவர் "கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்று கேட்டால், வெட்கப்பட்டுப் பொய் சொல்லாதீர்கள். மாத்திரையே அதைப் பொறுத்து மாறும்.

எலிக்கும் நமக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம், கூண்டில் எலிக்கு வேறு வேலை கிடையாது. 2018-ல் வெளியான ஒரு ஆய்வில், ஒரு லீவரில் போதை மருந்து, இன்னொரு லீவரில் கதவு திறந்து சக எலியோடு கொஞ்ச நேரம் விளையாடலாம் என்று வைத்தார்கள். ஹெராயினும் மெத்தும் பழகிய எலிகள்கூடப் பெரும்பாலும் கூட்டாளியைத் தேர்ந்தெடுத்தன. விட்டவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாமல், "அவன் வந்தா பிரச்னை" என்று ஒதுக்கும் சொந்தக்காரர்கள் இதைப் படிக்கலாம்.

இப்போதைக்கு உங்களால் முடிவது

இந்தியாவில் கோகைன் ஆயிரத்தில் ஒருவர் பிரச்னை. மது அப்படியில்லை. எய்ம்ஸ் மருத்துவமனையைக் கொண்டு மத்திய அரசு எடுத்து 2019-ல் வெளியிட்ட கணக்குப்படி 10 முதல் 75 வயதுக்குள் 14.6 சதவிகிதம் பேர், சுமார் 16 கோடிப் பேர், குடிக்கிறார்கள். அதனால் மதுவுக்கான மருந்துகளைத் தெரிந்துகொள்வது நல்லது. மேலே சொன்ன நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிரம் மூன்றும் இந்தியாவில் மருத்துவர் சீட்டின் பேரில் கிடைக்கின்றன.

'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் வரும் பொடிகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிரம் மாதிரி ஏதாவது இருந்து, அவர் விஷயம் தெரியாமல் குடித்துவிட்டால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுபவருக்கான மாத்திரை அது.

பல வருஷமாகத் தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தவும் கூடாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு, மனக்குழப்பம், இல்லாததைப் பார்த்துப் பேசுவது எல்லாம் வரலாம். முதல் வாரம் மருத்துவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ போகிறவர்களுக்குக் கோரிமேடு ஜிப்மரின் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச டெலிமானஸ் எண் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துப் போங்கள். கல்லீரல் பாதிப்பு இருந்தால் நால்ட்ரெக்ஸோன், டைசல்ஃபிரம் இரண்டிலும் கவனம் தேவை. சிறுநீரகப் பிரச்னை என்றால் அகாம்ப்ரோசேட் அளவைக் குறைப்பார்கள், மோசமாக இருந்தால் தரவே மாட்டார்கள். ட்ரமடால் போன்ற வலி மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதோடு நால்ட்ரெக்ஸோன் சேரக்கூடாது.