மேகம் தீட்டிய தூரிகை

பட்டினப்பாக்கம் கடற்கரையில் வைகறைப் பொழுதில் டிஜிட்டல் கேமராவோடு நின்று, கரையேறும் படகுகளைப் படமெடுத்து, வெளிறிப்போன வானத்தை இரவில் கணினித் திரையில் திருத்தும் மாணவர்கள், தம் வித்தை நேற்றுப் பிறந்ததென்று எண்ணக்கூடும். ஆனால், 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் ஸ்தாபித்த கலைப் பள்ளியில், அந்தத் தசாப்தத்திலேயே மாணாக்கர் புகைப்படக் கலை பயின்றனர். 1856-இல் சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப்போ, வானத்தை வெறும் வெளியாகவே பதித்த மெழுகுக் காகித நெகட்டிவ்களின்மேல், தூரிகையால் வர்ணம் தொட்டு மேகங்களைத் தீட்டியவர். வர்ணம் ஒளியைத் தடுத்த இடமே அச்சில் வெண்முகிலாயிற்று. 1990-இல் ஃபோட்டோஷாப் வெளிவந்தபின் தூரிகையின் ஸ்தானத்தை மவுஸ் பெற்றது. எதைத் தீட்டுவது, எதை விடுவது என்னும் விவேகத்தை மட்டும் இன்றும் கண்ணிடமே கற்கவேண்டியிருக்கிறது.