அருகிவரும் மூலிகைகளின் புகலிடம்: பாலோடு தாவரவியல் பூங்கா

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் சுமார் 300 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். மாநில அரசால் 1979-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்நிறுவனம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய மூலிகைகளைப் பேணி வருகிறது.

மூலிகைகளில் பெரும்பாலானவை காடுகளிலிருந்தே சேகரிக்கப்படுகின்றன. இலையைப் பறித்தால் செடி மீண்டும் தழைக்கும். வேரைத் தோண்டினால் செடியே அழிந்துவிடும். பட்டைக்காக உரிக்கப்படும் அசோக மரமும், வேருக்காகத் தோண்டப்படும் அமிர்தபாலாவும் அருகி வருவதற்கு இதுவே முக்கியக் காரணம். இத்தகைய தாவரங்களை உயிருள்ள தொகுப்பாக வளர்ப்பது, விதைகளைச் சேமிப்பது, திசு வளர்ப்பு முறையில் கன்றுகளை உருவாக்குவது ஆகியவை பாதுகாப்புக்கான வழிமுறைகளாகும்.

இந்நிறுவனத்தை உலக அளவில் அறியச் செய்தது 'ஆரோக்கியப்பச்சை' என்னும் சிறு செடி. 1987-ஆம் ஆண்டு அகத்தியமலைப் பகுதியில் ஆய்வு மேற்கொண்ட விஞ்ஞானி புஷ்பாங்கதன் தலைமையிலான குழுவினர், உடன் வந்த காணி பழங்குடியினர் இதன் காயை உண்டு களைப்பின்றி மலையேறுவதைக் கண்டனர். தொடர் ஆய்வுகளின் பயனாக 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. 1995-ஆம் ஆண்டு கோவையைச் சேர்ந்த ஆயுர்வேத நிறுவனத்துக்கு ரூ.10 லட்சம் கட்டணத்திலும், 2 சதவீத உரிமத்தொகையிலும் உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டது. இவ்வருவாயில் பாதியைக் காணி மக்களுக்கு அளிக்க முடிவு செய்யப்பட்டு, அதற்கென 1997-ஆம் ஆண்டு அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. பாரம்பரிய அறிவுக்கு உரிய பங்கை வழங்கிய முன்னோடி முயற்சியாக இது கருதப்படுகிறது.

எனினும், இயற்கை வாழிடத்துக்கு வெளியே வளர்க்கப்படும் ஆரோக்கியப்பச்சையில் மருத்துவக் கூறுகள் போதிய அளவில் உருவாவதில்லை எனக் கண்டறியப்பட்டது. வனப்பகுதியில் இதைப் பயிரிடவும் சேகரிக்கவும் வனத்துறையின் அனுமதி தேவைப்பட்டதால், மூலப்பொருள் கிடைப்பதில் சிக்கல் எழுந்தது. தேவை அதிகரித்தபோது செடிகள் வேரோடு பிடுங்கப்படும் அபாயமும் உருவானது.

பூங்காவில் ஓர் இனத்தை அழியாமல் காக்க இயலும். ஆனால், அதன் மருத்துவ குணம் அது வளரும் காட்டையும் சார்ந்தது என்பதை இந்த அனுபவம் உணர்த்துகிறது. கேரளத்திலும் தமிழகத்திலும் பரந்துள்ள அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், 2016-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்க்கப்பட்டது. அக்காடுகளைக் காப்பது மூலிகைப் பாதுகாப்பின் பிரிக்க முடியாத அங்கமாகும்.