மண்ணீரல் சொன்ன சாட்சி

எண்ணூர் முதல் நெல்லூர் வரையிலான கடலோரத்து மலேரியா குறித்து ரசல், ஜேக்கப் என்னும் இருவர் 1942-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஓர் ஊரில் இந்நோயின் அளவை அறிய, குழந்தைகளின் இடப்பக்க விலாவுக்கடியில் கைவைத்துப் பார்ப்பது அக்கால வழக்கம். வீங்கிய மண்ணீரல் தட்டுப்பட்டால் அது மலேரியாவின் அடையாளம். நம் முன்னோர் அதனைக் காய்ச்சற்கட்டி என்றனர்.

நோய்க்கிருமி புகுந்த சிவப்பணுக்களை இரத்தத்திலிருந்து வடிகட்டி அழிப்பது மண்ணீரலே. அந்த உழைப்பினாலேயே அது வீங்குகிறது. அதன் உறை இழுபட்டு மெலிகிறது. மிக அரிதாக, சிறு அடியாலோ, அடியேதும் இன்றியோகூட அது கிழிந்து, வயிற்றினுள் இரத்தம் பெருகும்.

இம்மருத்துவ உண்மை ஒரு காலத்தில் நீதிமன்றங்களில் அநீதிக்குத் துணைநின்றது. 1875-இல் ஆக்ராவில், ஒரு ஞாயிறு காலை, புல்லர் என்னும் ஆங்கிலேய வழக்கறிஞர் குடும்பத்தோடு ஆலயத்திற்குப் புறப்பட்டார். வண்டியருகே குதிரைக்காரர் கத்வாரு இல்லை. அழைத்ததும் வந்தவரைப் புல்லர் அறைந்தார். தலைமயிரைப் பற்றி இழுத்துக் கீழே விழச்செய்தார். பின்பு வண்டி ஆலயத்திற்குச் சென்றது. எழுந்து நடந்த கத்வாரு சற்று நேரத்தில் இறந்தார். நோயால் வீங்கியிருந்த மண்ணீரல் கிழிந்ததே காரணம் என்றார் மருத்துவர். புல்லருக்குக் கிடைத்த தண்டனை 30 ரூபாய் அபராதம். 1876-இல் அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு இதனைக் கண்டித்தார். ஆங்கிலேயப் பத்திரிகைகளோ அவர்மீதே சினந்தன. இத்தகைய வழக்குகள் பின்னும் தொடர்ந்தன.

மருத்துவர் சொன்னது பொய்யன்று. ஆனால் அடிபட்டவனின் நலிவு அடித்தவனின் குற்றத்தை எப்படிக் குறைக்கும்? காணிக்கை செலுத்தும் முன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவரின் ஆலயத்திற்கே அந்த வண்டி சென்றது என்பதை நாம் மறக்கலாகாது.

மலேரியா இன்று பெரிதும் குறைந்திருப்பினும் முற்றும் நீங்கிவிடவில்லை. நகர்ப்புறத்தில் இதைப் பரப்பும் கொசு, மூடாத கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகுவது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் சுமை தூக்கும் தொழிலாளிக்குக் காய்ச்சலோடு இடப்பக்க வயிற்றிலோ இடத்தோளிலோ வலியும் தலைசுற்றலும் கண்டால், அதனைச் சாதாரண வயிற்றுவலி என்று தள்ளாமல் உடனே மருத்துவமனை சேர்ப்போம். காய்ச்சல் நீங்கிய பின்னும் சில வாரங்களுக்குப் பளு தூக்கும் வேலை கூடாது என மருத்துவர் சொன்னால், அந்த ஓய்வைச் சோம்பல் என்று ஏசாதிருப்போம். அந்நாள்களின் கூலியை அவர் இழக்காதபடி பார்த்துக்கொள்வது நம்மில் வேலை கொடுப்போரின் கடமை.