'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு யாருடையது? அரக்கோணம் டு உலக மேடை... இண்டி கலைஞர் அறிவின் கதை!

சினிமா இல்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டு ஊரெல்லாம் ஒலிக்குமா? 2021 மார்ச் 7-ம் தேதிக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால், "கஷ்டம்தான்" என்பதே பலரின் பதிலாக இருந்திருக்கும். அன்று யூடியூபில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' அந்தப் பதிலை மாற்றிவிட்டது. ஹீரோ இல்லை, படம் இல்லை. ஆனால் பார்வைகள் 30 கோடியைத் தாண்டிப் போனது.

அந்தப் பாட்டின் வரிகளை எழுதி, தீயோடு சேர்ந்து பாடியவர் அறிவு. பாட்டு எவ்வளவு பெரிதாக வளர்ந்ததோ, அது யாருடையது என்ற சண்டையும் அவ்வளவு பெரிதானது. அந்தக் கேள்வி ஏன் இன்னும் முக்கியம்? முழு விவரம் இங்கே.

இண்டி என்றால் என்ன?

இன்டிபென்டன்ட் என்பதன் சுருக்கம்தான் இண்டி. சினிமாவில் தயாரிப்பாளர் பணம் போடுவார், இயக்குநர் சூழலைச் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், பாடலாசிரியர் பெரும்பாலும் அந்த மெட்டுக்கு எழுதுவார். யார் வேலை எது என்று முன்பே முடிவாகிவிடும்.

இண்டியில் இந்தக் கோடுகள் கிடையாது. எழுதுபவரே பாடுவார், பாடும்போதே மெட்டும் பிறக்கும். சுதந்திரம் அதிகம். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

யார் இந்த அறிவு?

முழுப்பெயர் அறிவரசு. சொந்த ஊர் அரக்கோணம். கவிதையில் தொடங்கி ராப் பக்கம் வந்தவர். பெரிய வாசலைத் திறந்தது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு. இயக்குநர் பா.ரஞ்சித்தின் முயற்சியில், இசைக்கலைஞர் டென்மாவோடு சேர்ந்து 2017-ல் உருவானது இது. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லில் இருந்து வந்தது பெயர். கானா, ராப், ராக் மூன்றையும் கலந்து 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது இந்தக் குழு.

அதே ஆண்டு ரஜினியின் 'காலா' படத்தில் 'உரிமையை மீட்போம்' பாட்டை எழுதினார் அறிவு. 2021-ல் விஜய்யின் 'மாஸ்டர்' படத்தில் 'வாத்தி ரெய்டு' பாட்டுக்கு வரிகளும் குரலும் கொடுத்தார்.

தெருவுக்கு வந்த குறள்

சினிமா ஒரு பக்கம் இருக்க, 2019-ல் தயாரிப்பாளர் ஓஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குறள்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். திருக்குறளின் 'திரு'வை எடுத்துவிட்டுத் 'தெரு'வை வைத்ததிலேயே அவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மாணவி ஸ்னோலின் பெயரிலேயே அதில் ஒரு பாட்டு இருக்கிறது. குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்புப் போராட்டங்களின்போது வந்த 'சண்ட செய்வோம்' இன்னும் பலரிடம் அவரைக் கொண்டு சேர்த்தது.

வள்ளியம்மாள் பாட்டி சொன்ன கதை

'எஞ்சாயி எஞ்சாமி' கேட்க ஜாலியான பாட்டு. உள்ளே இருப்பது ஒரு குடும்பத்தின் கதை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். வீடியோவிலும் அவர் வருகிறார்.

இது ஒரு பாட்டியின் கதை மட்டும் இல்லை. பிரிட்டிஷ் காலத்தில் நிலமில்லாத தமிழ்க் குடும்பங்கள் லட்சக்கணக்கில் கடல் தாண்டி இலங்கை மலைகளுக்குப் போயின. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், அங்கிருந்த 5 லட்சத்து 25 ஆயிரம் பேருக்கு இந்தியக் குடியுரிமை கொடுத்துத் திருப்பி அனுப்ப வழிசெய்தது. காட்டைத் தோட்டமாக்கியவர்களுக்கு அந்த நிலத்தில் ஒரு பிடி மண்கூட சொந்தமாகவில்லை. ஏற்காடு காபித் தோட்டமானாலும் நீலகிரித் தேயிலைத் தோட்டமானாலும் கூலிக்கு உழைத்தவர்களின் கதை பெரும்பாலும் இதேதான். உழைத்தவருக்கு நிலம் ஏன் இல்லை என்பதைத்தான் ராப்பும் ஒப்பாரியும் கலந்து அந்தப் பாட்டு கேட்டது.

பெயர் எங்கே போனது?

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் 'எஞ்சாயி எஞ்சாமி' தீயும், 'நீயே ஒளி' ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இரண்டு பாட்டிலும் அறிவின் எழுத்து இருக்கும்போது அவர் எப்படிக் காணாமல் போனார் என்று பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். எதிர்ப்பு கிளம்பியதும், அறிவை வைத்து டிஜிட்டல் அட்டை ஒன்றை வெளியிட்டது இதழ்.

2022 ஜூலை 28. சென்னையில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் மேடையில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு இல்லை. சில நாளில் இன்ஸ்டாகிராமில் பதிவு போட்டார் அறிவு. பாட்டுக்கு மெட்டமைத்து, எழுதி, பாடியது தான் என்றும், யாரும் தனக்கு மெட்டோ ஒரு சொல்லோ தரவில்லை என்றும் சொன்னார்.

சந்தோஷ் நாராயணன் தரப்பு என்ன?

இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் இதற்கு விளக்கம் கொடுத்தார். பாட்டை இசையமைத்து, ஒருங்கிணைத்து, பதிவு செய்தது தான் என்றார். தீ, அறிவு, தான் என மூவரும் வருமானத்தையும் உரிமையையும் சமமாகவே பகிர்ந்துகொண்டதாகவும், அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்ததால் விழாவில் பங்கேற்க முடியவில்லை என்றும் கூறினார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டுக்குள் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன.

* வரிகள்: எழுதியவருக்கு.
* இசை: மெட்டமைத்தவருக்கு. அவர் அதை நொட்டேஷனாக எழுதி வைத்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.
* ஒலிப்பதிவு: அதைத் தயாரித்தவருக்கு.

பாடியவருக்குத் தனியாக நிகழ்த்துநர் உரிமையும் உண்டு. 2012-ல் வந்த திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு என்கிறது. அந்தப் பங்கை ஒப்பந்தத்தில் எழுதிக்கூட நிறுவனத்திடம் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் ராப்பும் ஒப்பாரியும் கலந்த பாட்டில், வார்த்தை வரும்போதே ராகமும் வந்துவிடுகிறது. அதைச் சுற்றி இசையை எழுப்புபவர் இன்னொருவர். இதில் 'மெட்டு' எங்கே முடிகிறது, 'இசையமைப்பு' எங்கே தொடங்குகிறது? கலைஞர்கள் முன்பே பேசி எழுதி வைக்காவிட்டால், சட்டத்தின் மூன்று கட்டங்களில் யார் எதில் என்பதே வழக்காகிவிடும்.

காசு வந்ததா?

2024 மார்ச்சில் அடுத்த திருப்பம். பாட்டு வெளியாகி மூன்று ஆண்டுகள் ஆகியும் ஒரு பைசாகூட வரவில்லை என்று வீடியோவில் சொன்னார் சந்தோஷ் நாராயணன். பாட்டை வெளியிட்டது 'மாஜா' என்ற நிறுவனம். அவரின் குற்றச்சாட்டை அந்நிறுவனம் மறுத்தது. ஆக, பெயருக்காக எதிரெதிரே நின்றவர்கள், காசு என்று வந்தபோது ஒரே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

இப்போது அறிவு?

'தி அம்பாசா' என்ற சொந்த இசைக்குழுவோடு மேடை ஏறுகிறார். 2024-ல் வந்த அவருடைய ஆல்பத்தின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. யார் எந்த அட்டையில் பெயரை விட்டாலும், இந்தத் தலைப்பில் இருந்து பாட்டியையும் பேரனையும் எடுக்க முடியாது.

சொந்தமாகப் பாட்டு போடும் புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அப்லோடு பட்டனை அழுத்தும் முன், வரி யாருடையது, மெட்டு யாருடையது, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்கள்தானே என்று விட்டுவிட வேண்டாம். பாட்டு ஹிட்டான பிறகு அந்தத் தாளை எழுதுவது ரொம்பக் கஷ்டம்.